கைவினையும் கணக்கும்

எண்ணையும் எழுத்தையும் மாந்தருக்கு இரு கண்களாகப் போற்றுவது தமிழர் மரபு. இவற்றுள் எழுத்துக் கண் எப்பொழுது திறக்கின்றது என்பதை நாம் எளிதில் அறிந்துகொள்கிறோம். குழந்தை ஒரு சொல்லைத் தானே பார்த்துப் படித்துவிட்டால், அக்கண் திறந்துவிட்டது எனத் தெளிகிறோம். எண் கண் திறந்ததா இல்லையா என்பதை அறிவதோ அத்துணை எளிதன்று. 'ஒன்று, இரண்டு, மூன்று' எனத் தொடங்கி நூறு வரையில் தடையின்றிச் சொல்லும் நான்கு வயதுக் குழந்தையைக் கண்டு பெற்றோர் பெருமகிழ்ச்சி எய்துகின்றனர். அக்குழந்தையின் முன்னே ஒரு பிடி புளியங்கொட்டையைப் பரப்பி, 'இவற்றுள் ஏழு எடுத்துக் கொடு' என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை கைந்நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டால் வியப்பில்லை. எண்ணின் பெயரை நாவு கற்றிருக்கிறது. எண்ணை உள்ளம் இன்னும் கற்கவில்லை.

எண்ணுதல் ஒரு செயல் போலத் தோன்றினும், அதனுள் மூன்று அறிவுகள் அடங்கியுள்ளன. ஒரு பொருளுக்கு ஓர் எண்ணே உரியது என்பது முதலாவது. இறுதியாகச் சொன்ன எண்ணே தொகை முழுவதையும் குறிக்கும் என்பது இரண்டாவது. பொருள்களை நெருக்கி வைத்தாலும் விலக்கி வைத்தாலும் தொகை மாறாது என்பது மூன்றாவது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞராகிய ழான் பியாஜே (1896–1980) இம்மூன்றாம் அறிவைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். குழந்தையின் முன்னே இரண்டு வரிசைகளில் ஆறாறு பொருள்களை நேருக்கு நேர் வைத்தார். பின்னர் ஒரு வரிசையை மட்டும் சற்றே நீட்டிவிட்டார். 'நீண்ட வரிசையில்தான் பொருள் மிகுதி' என்று ஐந்து வயதுக் குழந்தைகள் பலர் விடை கூறினர். பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள், குழந்தைக்கு நன்கு விளங்கும் சூழலில் அதே கேள்வியைக் கேட்டால் இன்னும் முன்னரே சரியான விடை வருவதைக் கண்டனர். குழந்தையின் அறிவு, தான் கையாளும் பொருள்களோடும் தான் வாழும் சூழலோடும் பின்னியே வளர்கின்றது என்பது இதனால் பெறப்படும்.

இவ்வடிப்படை உறுதியாகாத முன்னரே கூட்டலும் கழித்தலும் வாய்பாடும் பலகையில் ஏறிவிடுமாயின் என்ன நேரும்? குழந்தை விளங்காத குறிகளை மனப்பாடம் செய்யத் தொடங்கும். மறந்தபோது அஞ்சும். அச்சம் மிகுந்தால், 'எனக்குக் கணக்கு வராது' என்று தன்னைத் தானே முடிவு கட்டிக்கொள்ளும். விடியற்காலையில் வாயிலில் இருபத்தைந்து புள்ளிகளைப் பிழையின்றி இட்டுக் கோலம் போட்ட சிறுமி, பத்து மணிக்குப் பள்ளியில் கணக்கைக் கண்டு நடுங்குவாளாயின், குறை சிறுமியிடம் இல்லை. அவள் கைகள் அறிந்த கணக்கையும் ஏடு கேட்கும் கணக்கையும் இணைத்துக் காட்டுவார் இல்லாமையே குறை.

இக்குறையைப் போக்க உலகப் பேரறிஞர் பலர் முயன்றனர். செருமானிய நாட்டு ஃபிரோபெல், 1837-ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'குழந்தைகள் தோட்டம்' என்னும் பொருளுடைய பெயரைச் சூட்டினார். மரப்பந்தும் மரக்கட்டையும், தாள் மடித்தலும் தாள் பின்னுதலும் அவருடைய பாடங்கள். இத்தாலிய மருத்துவராகிய மரியா மாண்டிசோரி, 1907-இல் உரோமாபுரியில் குழந்தைகள் இல்லத்தை நிறுவினார். பத்துச் சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை படிப்படியாக நீளும் பத்துக் கோல்களைக் கொடுத்து, எண்ணைக் கையால் தொட்டு உணரச் செய்தார். அவர் 1939-இல் சென்னை அடையாறு வந்து, இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். காந்தியடிகளோ, 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலின் வாயிலாகவே பிற பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்னும் ஆதாரக் கல்விக் கொள்கையை நாட்டின் முன் வைத்தார். மூவரும் வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு நோக்கினர். எனினும், அறிவுக்கு வாயில் கை என்பதில் மூவரும் ஒத்தனர்.

அயல்நாட்டு மரக்கட்டைகளும் விலையுயர்ந்த கோல்களும் எல்லாப் பள்ளிகளுக்கும் கிட்டுதல் அரிது. ஆனால் நம் நாட்டில் ஒவ்வொரு பருவமும் தனக்குரிய கைவினையையும் அதற்கு வேண்டிய பொருளையும் தானே கொண்டுவந்து தருகின்றது. கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதி இதற்குச் சிறந்த சான்று. பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993-ஆம் ஆண்டு பிரிந்து தனி மாவட்டமாகிய இப்பகுதியில் பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் பாய்கின்றன. தெற்கெல்லையில் கொள்ளிடம் ஓடுகின்றது. கடல் மணலும் ஆற்றுக் களிமண்ணும், பனையும் தென்னையும் இங்குண்டு. திருவிழாக்களுக்கும் குறைவில்லை. இவற்றைக் கொண்டு ஓராண்டு முழுவதும் எண்ணறிவை எவ்வாறு ஊட்டலாம் என்பதைக் காண்போம்.

தை பிறந்ததும் வாயில்தோறும் தோரணம் ஆடுகின்றது. மாவிலையும் சாமந்திப் பூவும் நூலும் போதும். மூன்று இலைக்கு ஒரு பூ என்று குழந்தை கோக்கட்டும். 'இலை, இலை, இலை, பூ' என்று சொல்லிக்கொண்டே கோக்கும்பொழுது, மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கு அதன் உள்ளத்தில் பதிகின்றது. 'பன்னிரண்டு இலை கோத்தால் எத்தனைப் பூ வேண்டும்?' என்று கேட்கலாம். குழந்தை கோத்துப் பார்த்து 'நான்கு' என்று சொல்லும். வகுத்தல் என்னும் சொல்லை அது கேட்டிராது, வகுத்தலைச் செய்துவிட்டது.

தைத் திங்கள் ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா நடைபெறும். மாசி மகத்தன்று கடலூரைச் சார்ந்த தேவனாம்பட்டினத்துக் கடற்கரையிலும், சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரையிலும் தீர்த்தவாரி காண மக்கள் திரள்வர். பெரியோர் நீராட, சிறுவர் மணலில் வீடு கட்டுவர். மணல்வீடு கட்டும் குழந்தையின் கையில் ஒரு கொட்டாங்கச்சியையும் ஒரு சிறு பானையையும் கொடுத்தால் முகத்தலளவைப் பாடம் தொடங்கிவிடும். 'பானை நிறைய எத்தனைக் கொட்டாங்கச்சி மணல் வேண்டும்?' என்பது கேள்வி. முதலில் குழந்தை ஊகிக்கட்டும், பின்னர் அளக்கட்டும். பெரிய கொட்டாங்கச்சியால் அளந்தால் குறைந்த எண்ணும், சிறியதால் அளந்தால் மிகுந்த எண்ணும் வருவதை அது காணும். அளக்கும் கருவி மாறினால் எண் மாறும், மணல் மாறாது. எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவு ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் இல்லை.

சித்திரையும் வைகாசியும் பனைக்குரிய காலம். ஒரு பனங்காயைச் சீவினால் பெரும்பாலும் மூன்று நுங்குகள் இருக்கும். நான்கு காய்கள் சீவினால் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. மூன்றாம் வாய்பாடு இனிக்கத் தொடங்கும் இடம் இதுவே. சில காய்களில் இரண்டே இருக்கும். அப்பொழுது எதிர்பார்த்த தொகைக்கும் எண்ணிக் கண்ட தொகைக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தையே கண்டு சொல்லும். சுவைத்து முடித்த காய்கள் இரண்டைக் குச்சியால் இணைத்தால் நுங்கு வண்டி அமைந்துவிடும். ஒரு காய் பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருந்தால் வண்டி நேரே ஓடாமல் ஒருபுறம் வளைந்து செல்லும். இரு சக்கரமும் ஒத்த அளவாக இருத்தல் வேண்டும் என்பதை வண்டியே கற்பித்துவிடுகிறது.

பனையோலைப் பின்னலோ கணக்கின் கருவூலம். ஓலையை ஒத்த அகலமாகக் கிழித்து, பச்சையோலை நான்கும் சாயமேற்றிய ஓலை நான்குமாகக் குறுக்கும் நெடுக்கும் பின்னினால் பதினாறு கட்டங்கள் தோன்றும். அவற்றுள் பச்சைக் கட்டம் எட்டு. சாயக் கட்டம் எட்டு. நான்குக்குப் பதில் ஐந்தைந்து ஓலைகளை எடுத்துப் பின்னச் சொல்லுங்கள். கட்டங்கள் 25 ஆகும். இப்பொழுது இரு நிறங்களும் சமமாக இரா. ஒன்று 13, மற்றொன்று 12. ஏன் ஒன்று மிகுந்தது? ஒற்றைப்படை எண்ணை இரு சமபங்காக்க இயலாது என்னும் உண்மை ஓலையில் எழுதப்பட்டிருக்கிறது. குழந்தை அதனைக் கண்ணால் கண்ட பின்னர், 'ஒற்றைப்படை', 'இரட்டைப்படை' என்னும் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தால் அவை ஒருநாளும் மறவா.

ஆனித் திங்களில் சிதம்பரத்தில் தேர்த்திருவிழா. நடராசர், சிவகாமியம்மை, விநாயகர், முருகர், சண்டேசுவரர் ஆகியோருக்குரிய ஐந்து தேர்கள் தேர்வீதிகளில் உலா வரும். சிறுதேர் உருட்டுதல் தமிழ்க் குழந்தைகளின் தொன்மையான விளையாட்டு. பிள்ளைத்தமிழ் நூல்கள் அதனை ஒரு பருவமாகவே வைத்துப் பாடுகின்றன. தீப்பெட்டியாலோ அட்டையாலோ தேர் செய்யும் குழந்தை, ஒரு தேருக்கு நான்கு சக்கரம் என எண்ணி, ஐந்து தேர்களுக்கு இருபது சக்கரங்கள் நறுக்கும். சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளியிட்டு, அப்புள்ளி ஒருமுறை தரையைத் தொட்டு மறுமுறை தொடும் வரையில் தேரை உருட்டி, அத்தொலைவை நூலால் அளந்தால் சக்கரத்தின் சுற்றளவு கிடைக்கும். பெரிய சக்கரம் ஒரே சுற்றில் நெடுந்தொலைவு செல்வதையும் சிறிய சக்கரம் பின்தங்குவதையும் குழந்தை காணும். கோயிலின் நான்கு வாயில்களிலும் ஏழு நிலைக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றை அட்டையில் நிலை நிலையாக அடுக்கிச் செய்யும்பொழுது, மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு நிலையும் சிறுத்துச் செல்லும் இறங்குவரிசையும் விளங்கும். நான்கு கோபுரங்களுக்கும் சேர்ந்து எத்தனை நிலைகள் என்று எண்ணினால் 28 வரும்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டிக் களிமண் வேலை மிகும். ஓர் உருண்டை மண்ணை இரண்டாகப் பகுத்தால் அரை. அரையைப் பகுத்தால் கால். காலைப் பகுத்தால் அரைக்கால். அரைக்காலைப் பகுத்தால் மாகாணி. மாகாணி என்பது பதினாறில் ஒரு பங்கு. நான்கு முறை பாதியாக்கினால் பதினாறு சிற்றுருண்டைகள் கிடைக்கும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய நம் முன்னோர் நாவில் இப்பின்னப் பெயர்கள் தவழ்ந்தன. இன்று அப்பெயர்கள் அருகிவிட்டனவாயினும், பாதியின் பாதியைக் கையால் செய்து பார்க்கும் இன்பம் மாறவில்லை. அப்பதினாறையும் மீண்டும் பிசைந்து பழைய உருண்டையாக்கச் செய்தல் வேண்டும். உருண்டையாயினும் நீண்ட திரியாயினும் மண் ஒன்றே, அளவு ஒன்றே என்னும் தெளிவு அப்பொழுது பிறக்கும்.

புரட்டாசியில் நவராத்திரி. கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ணுருட்டியிலும் பொம்மை செய்யும் கலைஞர்கள் அதற்கெனப் பல திங்கள் முன்பிருந்தே உழைக்கின்றனர். கொலுப் படிகளை ஒற்றைப்படையில் அமைத்தல் வழக்கம். மேற்படியில் ஒன்று, அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் ஐந்து என்று ஐந்து படிகளில் களிமண் பொம்மைகளை அடுக்கச் சொன்னால், மொத்தம் இருபத்தைந்து வரும். இவ்விருபத்தைந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் இதனை மீண்டும் காண்போம். கார்த்திகையில் அகல் விளக்குகள் வரிசை பெறும். பன்னிரண்டு அகலை மூன்று வரிசைகளாகவும் அடுக்கலாம். நான்கு வரிசைகளாகவும் இரண்டு வரிசைகளாகவும் அடுக்கலாம். ஓர் அகலைக் கூட்டிப் பதின்மூன்றாக்கினால், ஒரே நீண்ட வரிசையாகவன்றி வேறு எவ்வகையிலும் சமமாக அடுக்க இயலாது. பகா எண்ணின் பிடிவாதம் குழந்தைக்கு வேடிக்கையாகவே தோன்றும்.

மார்கழியில் இந்நிலம் கணக்கால் பொலிகின்றது எனலாம். கோலத்தின் முதற்பாடம் புள்ளி. புள்ளிகளை ஒத்த இடைவெளியில் நேராக இடுதற்குக் கண்ணும் கையும் ஒருங்கே பழக வேண்டும். நேர்ப்புள்ளிக் கோலத்தில், ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என வரிசைகளை இட்டால் மொத்தம் 25 புள்ளிகள். கொலுவில் கண்ட அதே இருபத்தைந்து! இடைப்புள்ளிக் கோலத்தில், ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையே அமையும். நடுவில் ஏழு வைத்து இருபுறமும் நான்கு வரை குறைத்தால் 37 புள்ளிகள். முதலதன் எல்லை நாற்கோணம்; இரண்டாவதன் எல்லை அறுகோணம்.

ஒற்றைப்படை எண்களைத் தொடக்கத்திலிருந்து கூட்டினால் எப்பொழுதும் ஒரு வர்க்க எண்ணே வருவது ஏன்? புளியங்கொட்டையால் இதனை விளக்கலாம். ஒரு கொட்டையை வையுங்கள். அதன் வலப்புறமும் மேற்புறமும் மூலையுமாக மூன்று கொட்டைகளைச் சேர்த்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம் அமையும். அதனைச் சுற்றி அவ்வாறே ஐந்தைச் சேர்த்தால் மூன்றுக்கு மூன்று. ஏழைச் சேர்த்தால் நான்குக்கு நான்கு. ஒன்பதைச் சேர்த்தால் ஐந்துக்கு ஐந்து. 4, 9, 16, 25 எனச் சதுரம் வளர்கின்றது. உயர்நிலைப் பள்ளியில் சூத்திரமாக வரும் உண்மையை ஏழு வயதுக் குழந்தை தரையில் அடுக்கிக் காட்ட இயலும்.

புள்ளிகளைச் சூழ்ந்து வளைந்து வளைந்து ஓடும் சிக்குக் கோலத்தின் நுட்பம் இன்னும் பெரிது. சில கோலங்களில் ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் இக்கோலங்களை ஆராய்ந்து, கணிப்பொறி இயலில் படங்களுக்குரிய இலக்கணம் வகுத்து 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஏட்டுக் கல்வி பெறாத பெண்டிரும் தலைமுறை தலைமுறையாகக் கைவழியே காத்துவந்த கலை, உலகக் கணித அறிஞர்களின் கருத்தைக் கவர்ந்தது. அதனைக் கணக்கு என்று நாம் நெடுங்காலம் எண்ணாதிருந்தோம்.

இக்கைவினைகள் ஒரு சமயத்தார்க்கே உரியன அல்ல. மார்கழியிலேயே கிறித்தவர் இல்லங்களில் விண்மீன் விளக்குத் தொங்கும். ஒத்த நீளமுள்ள ஐந்து மூங்கிற் பத்தைகளால் ஒரு விண்மீனைக் கட்டுவர். அதே போன்ற மற்றொன்றை அதனோடு ஐந்து முனைகளிலும் பிணைப்பர். உட்புறத்து ஐந்து மூலைகளிலும் சிறு குச்சிகளைக் கொடுத்து இரண்டையும் விலக்கி நிறுத்துவர். ஆகப் பத்தைகள் பத்து, குச்சிகள் ஐந்து. பரங்கிப்பேட்டை போன்ற கடற்கரை ஊர்களில் இசுலாமியக் குழந்தைகள் பெருநாளை ஒட்டிப் பிறையை வெட்டி ஒட்டலாம். ஒரு வட்டத்தின் மேல் மற்றொரு வட்டத்தைச் சற்றே விலக்கி வைத்தால் பிறை தோன்றும் என்பதை அவர்கள் கண்டறிவர். எல்லாக் குழந்தைகளும் எல்லாவற்றையும் செய்யும் வகுப்பில் கணக்கோடு ஒற்றுமையும் வளரும்.

இம்முறையைக் கையாளுவோர் மனத்திற் கொள்ள வேண்டியன சில உள. கைவினை தானே கணக்கைக் கற்பித்துவிடாது. பேச்சின்றிப் பின்னும் குழந்தை பின்னலை மட்டுமே கற்கும். ஆதலின், 'எத்தனை?', 'இன்னும் எத்தனை வேண்டும்?', 'உனக்கு எப்படித் தெரிந்தது?' என்னும் கேள்விகள் வேலையினூடே எழுதல் வேண்டும். விடையை நாமே முந்திக்கொண்டு சொல்லுதல் ஆகாது. முதலில் செய்தல், அடுத்துச் சொல்லுதல், இறுதியில் எழுதுதல் என்பதே முறை. மற்றொன்று, பொருள் அழகாக அமைய வேண்டும் என்று பெரியோர் தாமே வெட்டி ஒட்டிக் கொடுப்பதைத் தவிர்த்தல் வேண்டும். அழகிய தேரால் பொருட்காட்சி பொலியலாம். கோணலான தேரே அதனைச் செய்த குழந்தைக்கு அறிவு தரும். கத்தியும் ஊசியும் நெருப்பும் மட்டும் பெரியோர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

'இங்ஙனம் விளையாடிக் கொண்டிருந்தால் வாய்பாடு எப்பொழுது படிப்பது?' என்று சிலர் வினவலாம். வாய்பாடு வேண்டியதே. விரைந்து கணக்கிட மனப்பாடம் பெருந்துணை. ஆனால் நுங்கில் மூன்றையும் தேரில் நான்கையும் கண்ட குழந்தைக்கு, வாய்பாடு தான் அறிந்த உண்மையின் சுருக்கமாகத் தோன்றும். காணாத குழந்தைக்கு அது பொருளற்ற ஒலியாகவே நிற்கும்.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுப் பரவியபொழுது தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. 2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிலேதான் அவை திறந்தன. எண்ணறிவு அரும்பும் வயதில் பல்லாயிரம் குழந்தைகள் வகுப்பறையைக் காணாது வளர்ந்தனர். அவ்விழப்பை ஈடு செய்ய அரசு 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தையும், 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டத்தையும் தொடங்கிற்று. பாட்டும் கதையும் செயல்பாடும் பின்னதன் வகுப்புகளில் இடம் பெற்றன. எனினும், பள்ளி ஒன்றே இப்பணியை முடித்துவிட இயலாது. குழந்தை எண்ணத் தொடங்குவது வீட்டின் திண்ணையிலும் வாயிலிலும் அன்றோ?

மாணவர்களே! உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ ஒரு தம்பியோ தங்கையோ இருத்தல் கூடும். அக்குழந்தைக்கு முதல் கணக்காசிரியர் நீங்களே ஆகலாம். அதற்குப் பட்டமும் பொருளும் வேண்டா. ஒரு பிடி புளியங்கொட்டையும், ஒரு கீற்று ஓலையும், சிறிது பொறுமையும் போதும். அடுத்த முறை நீங்கள் தோரணம் கட்டும்பொழுதும் கோலம் இடும்பொழுதும் அக்குழந்தையை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு பங்கு வேலையை அதன் கையில் கொடுங்கள். அது எண்ணும் வரையில் காத்திருங்கள். அதன் உள்ளத்தில் கணக்கச்சம் புகாமல் காக்கும் பெரும்பணியை நீங்கள் செய்தவர் ஆவீர்கள்.